ஒதுங்க வைப்பதும் ஒழுங்காக வைப்பதும்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "வீட்டை எவ்வளவு நீட்டா வச்சிருக்கீங்க!" பல வருஷமாக அதைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. மேசை மேல் ஒரு தாள் கிடக்காது, நாற்காலி முதுகில் ஒரு துண்டு தொங்காது, யார் எந்த நேரத்தில் மணி அடித்தாலும் கூச்சமில்லாமல் கதவைத் திறக்கலாம். எவ்வளவு களைப்பாக இருந்தாலும், படுப்பதற்கு முன் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். அதைத்தான் ஒழுங்கு என்று நம்பியிருந்தேன். போன வருஷம் ஓர் இரவு நடந்த சம்பவத்துக்குப் பிறகு, அந்தப் பாராட்டை யார் சொன்னாலும் உள்ளே ஏதோ இடறுகிறது. நன்றி சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஏன் இடறுகிறது என்று பல மாதம் யோசித்து, இப்போதுதான் ஓரளவு சொல்ல வருகிறது. எங்கள் வீடு ஒதுங்கியிருந்தது, ஒழுங்காக இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தே பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

அந்த இரவு

வேலை விஷயமாக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன். இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்காரரிடமிருந்து போன். எங்களோடு இருக்கும் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், பின்மண்டையில் அடி. ரத்தம் அதிகம் இல்லை, நினைவு இருக்கிறது, பேசுகிறார், அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தாயிற்று என்றார். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுத்துக்கொள்கிறாரா என்று. ஆமாம் என்றிருக்கிறார் அம்மா. பேர் கேட்டதற்கு, "சின்னதா, வெள்ளையா இருக்கும்" என்றிருக்கிறார். அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயம் சின்னதாக இருந்தாலும் மண்டைக்குள் கசிவு இருக்கலாம். எந்த மாத்திரை, எவ்வளவு, கடைசியாக எப்போது போட்டார் என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும். வார்ஃபரின் என்ற பழைய வகை மாத்திரை என்றால் அதை முறிக்க வைட்டமின் கே கொடுப்பார்கள், புது வகை மாத்திரைகளுக்கு அது வேலை செய்யாது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இரண்டு மாதம் முன்னால் அம்மாவுக்கு மாத்திரையை மாற்றியிருந்தார்கள். பழைய பேர்தான் என் வாயில் வந்தது. புதுப் பேர் ஃபைலில் இருந்தது.

வீட்டில் மகன் மட்டும் இருந்தான். பதினான்கு வயது. அவனுக்குப் போன் போட்டேன். "பாட்டி ஃபைலை எடுத்து, கடைசிச் சீட்டை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புடா."

"எங்கம்மா இருக்கு?"

"அலமாரியில பத்திரமா வச்சிருக்கேன், பாரு."

"எந்த அலமாரி?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. படுக்கையறை அலமாரி என்றேன். துணிக்கு அடியில் பார்க்கச் சொன்னேன். இல்லை என்றான். கூடத்து அலமாரி, கீழ்த்தட்டு. அங்கே நான்கு பைகள் இருக்கின்றன, எதில் என்று கேட்டான். எல்லாவற்றையும் கொட்டிப் பார் என்றேன். ஒவ்வொரு பையாகக் கொட்டும் சத்தம் போனில் கேட்டது. பழைய ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள், எந்தச் சாதனத்துடையது என்று தெரியாத சார்ஜர் ஒயர்கள். ஃபைல் இல்லை. சரி, மாத்திரை அட்டையையாவது பார்த்துப் பேர் படி என்றேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அம்மாவின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, கிழமைவாரியாக ஏழு அறைகள் கொண்ட ஓர் அழகான டப்பாவில் நான்தான் போட்டு வைப்பேன். அட்டைகள் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அவ்வப்போது குப்பையில் போட்டுவிடுவேன். மீதி இருந்தது பாதி வெட்டிய ஓர் அட்டை. வெட்டிய துண்டின் பின்பக்கத்தில் பேரின் கடைசி மூன்று எழுத்தும் தயாரித்த மாதமும்தான் இருந்தன. "இதுல பேரே இல்லம்மா" என்றான். குரல் உடைந்துவிட்டது அவனுக்கு.

ஐம்பது நிமிஷம் தேடினான். கடைசியில் பரணில் இருந்த சின்னப் பெட்டியை இறக்கி, அதற்குள் இருந்த ஒரு துணிப்பைக்குள் கண்டுபிடித்தான். அதற்குள் ஸ்கேன் எடுத்து, உள்ளே கசிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது.

மறுநாள் மதியம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. இழுப்பறைகள் வெளியே இழுத்தபடி இருந்தன. கூடத்தின் நடுவில் என் வீட்டின் உள்பக்கம் முழுவதும் தரையில் பரந்து கிடந்தது. அதற்கு முன் அதை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கத்தரிக்கோல் மட்டும் ஆறு. ஒவ்வொரு தடவையும் தேடிக் கிடைக்காமல் புதிதாக வாங்கியவை. பிரிக்காத பேட்டரிகள் மூன்று பொட்டலம், அதற்குப் பக்கத்திலேயே தீர்ந்துபோன பேட்டரிகளும். இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த மகனின் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி, ஒரு தலையணை உறைக்குள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். வெளியே இருந்து பார்க்கும்போது அவ்வளவு அமைதியாக இருந்த கதவுகளுக்குப் பின்னால் இருந்தது இதுதான். என் மகன் வீட்டைக் கலைக்கவில்லை. கலைந்திருந்ததை வெளியே எடுத்துப் போட்டிருந்தான்.

'ஒதுங்க வைத்தல்' என்ற சொல்

நம் பேச்சில் இருக்கும் இந்தச் சொல்லை அதற்கப்புறம்தான் கவனித்தேன். வீட்டை ஒதுங்க வைக்கிறேன், சாமானை ஒதுங்க வைக்கிறேன் என்கிறோம். ஒதுக்குவது என்றால் ஓரமாகத் தள்ளுவது, கண்ணுக்கு அப்பால் கொண்டுபோவது. மழைக்கு ஒதுங்குகிறோம், வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கிறோம். ஒதுங்கிய பொருள் வழியை விட்டு விலகியிருக்கிறது, அவ்வளவுதான். அது எங்கே போய் நின்றது என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. அடுக்குவது வேறு. அடுக்குக்கு மேல் உண்டு, கீழ் உண்டு, இதற்குப் பக்கத்தில் அது என்ற உறவு உண்டு. பதினைந்து வருஷமாக ஒதுக்கியதை அடுக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சொல்லும் அன்று கூடவே உறுத்தியது: பத்திரம். "பத்திரமா வச்சிருக்கேன்" என்று நாம் சொல்லும் பொருள்கள்தான் வீட்டில் அதிகம் தொலைகின்றன. எல்லோர் வீட்டிலும் இது நடக்கிறது என்று நினைக்கிறேன். தினம் புழங்கும் பொருளுக்குப் பழக்கத்தால் ஓர் இடம் அமைந்துவிடும். முக்கியமான பொருளை மட்டும் நாம் வழக்கமான இடத்தில் வைக்க மாட்டோம். முக்கியம் என்பதாலேயே அதற்கென்று ஒரு விசேஷ இடம் தேடுவோம், யாரும் கை வைக்காத, யாருக்கும் தோன்றாத இடமாகப் பார்த்து. யாருக்கும் தோன்றாத இடம் ஆறு மாதம் கழித்து நமக்கும் தோன்றாது. பத்திரத்தைப் பத்திரமாக வைப்பது என்றால், தேவைப்படுகிறவர் கைக்குக் கிடைக்கும்படி வைப்பது என்றும் அர்த்தம் இருக்க வேண்டும். அந்தப் பாதியை நாம் விட்டுவிடுகிறோம்.

மேசை மூலையில் இருந்த குவியல்

அம்மா வீடு திரும்பி நான்கைந்து நாள் ஆகியிருக்கும். கட்டிலில் சாய்ந்துகொண்டு, குறை சொல்லும் குரலே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "அந்த ஃபைல் சாப்பாட்டு மேசை மூலையிலதானேம்மா இருந்துச்சு. நான் தினம் பார்ப்பேனே."

அவர் சொன்னது நிஜம். வாரக்கணக்கில் அது மேசை மூலையில்தான் கிடந்தது. ஃபைல், அதன் மேல் மருந்துச் சீட்டு, அதன் மேல் அம்மாவின் கண்ணாடிக் கூடு. மூன்று பேருக்கும் அது தெரியும். இருட்டில் போனால்கூட எடுத்துவிடலாம். பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அரை மணியில் வருகிறோம் என்று சிலர் போன் செய்தார்கள். அரை மணியில் ஒரு வீட்டை எப்படித் தயார் செய்வது என்பது எனக்கு மனப்பாடம். மேசை மேல் இருந்ததை ஒரு துணிப்பையில் அள்ளினேன். பையை, அடுத்த நாள் பரணில் ஏறவிருந்த பெட்டிக்குள் வைத்தேன், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று. அந்த நாளை வரவில்லை. வந்தவர்கள் வீட்டைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஃபைல் தொலைந்ததுகூட இல்லை. அதை வெளியே கிடந்த குப்பை தொலைக்கவில்லை, என் சுத்தம்தான் தொலைத்தது. ஒழுங்கான இடத்தில் இருந்த ஒரு பொருளை, ஒழுங்கு செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒழுங்கிலிருந்து வெளியே எடுத்துப் போட்டிருக்கிறேன். இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில மாதம் பிடித்தது.

கல்லூரி நாளில் சாயங்கால வேளைகளில் எங்கள் கல்லூரி நூலகத்தில் உதவிக்கு இருந்திருக்கிறேன். அங்கே ஒரு அறிவிப்பு இருக்கும்: படித்து முடித்த புத்தகங்களை மேசையிலேயே விட்டுவிடவும், அலமாரியில் திருப்பி வைக்க வேண்டாம். புதிதாக வரும் மாணவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்றுதானே வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒருநாள் ஒரு மாணவி மேசையில் கிடந்த ஏழெட்டுப் புத்தகங்களைப் பொறுப்பாக எடுத்துப்போய் இடைவெளி இருந்த தட்டுகளில் செருகிவிட்டாள். எங்கள் நூலகர் பொதுவாக அதிர்ந்து பேசாதவர். அன்று அவளை உட்கார வைத்துச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மேசையில கிடந்தா ஒரு மணி நேரத்துல அதோட இடத்துக்குப் போயிடும்மா. தப்பான தட்டுல போயிட்டா, எல்லாப் புத்தகத்தையும் எண்ணும்போதுதான் கிடைக்கும். அதுவரைக்கும் அது இருந்தும் இல்லாத புத்தகம்." தட்டு நிறைந்து அழகாகத்தான் இருந்திருக்கும். அந்த மாணவி செய்ததையே நான் என் வீட்டில் ராத்திரிதோறும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

நூலகம் என்றதும் எஸ். ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை எழுதினார். ஐந்தும் ஒற்றை வரிகள். நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி. ஐந்தாவது, நூலகம் வளர்கின்ற ஓர் உயிர். நூலகம் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று அந்த ஐந்தில் ஒரு வார்த்தை இல்லை. தேடுகிறவரின் நேரம்தான் அளவுகோல். அதே அளவுகோலை வீட்டுக்கு வைத்தால் கேள்வியே மாறிவிடுகிறது. இந்தப் பொருள் எங்கே இருந்தால் அழகு என்ற கேள்வி போய், இதைத் தேடப்போவது யார், எந்த நிலைமையில், எவ்வளவு நேரம் அவருக்கு இருக்கும் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

குவியல்களைப் பற்றி எனக்கு இருந்த இளக்காரமும் இதோடு போயிற்று. தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர், அலுவலக மேசைகளை மனிதர்கள் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்து 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். மேசை மேல் குவியலாக இருக்கும் தாள்கள் பொருளைத் தேடி எடுக்க மட்டும் உதவுவதில்லை, செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டவும் செய்கின்றன என்பது அதில் முக்கியமான கவனிப்பு. கண் முன்னால் கிடப்பதே அதன் வேலை. அதை எடுத்து உள்ளே வைத்தால் தாள் பத்திரமாகத்தான் இருக்கும், நினைவு போய்விடும். என் மென்பொருள் வேலையில் இதற்கு நெருங்கிய ஒரு விஷயம் உண்டு. ஒரு வரிசையிலிருந்து எதை எடுத்தாலும் திரும்ப முன்னால் வை என்பது ஒரு பழைய, எளிய விதி. டேனியல் ஸ்லேட்டர், ராபர்ட் டார்ஜன் என்ற கணினி அறிவியலாளர்கள் 1985-இல் அதைப் பற்றி ஒன்றை நிரூபித்தார்கள்: இனி எது எப்போது தேவைப்படும் என்று முழுக்கத் தெரிந்த ஒருவர் எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் சரி, இந்த விதியால் ஆகும் தேடல் செலவு அவருடையதைப் போல இரண்டு மடங்குக்குள்தான் இருக்கும். மேசை மேல் தாள்களைக் குவிக்கிறவர் தெரியாமலேயே இதைத்தான் செய்கிறார். கடைசியாகத் தொட்டது மேலே இருக்கிறது. அம்மாவின் கண்ணாடிக் கூடு ஃபைல் மேல் இருந்ததற்குக் காரணம் அதுதான். வேலையில் வருஷக்கணக்காகத் தெரிந்த விஷயத்தை என் சாப்பாட்டு மேசையில் நான் பார்க்கவே இல்லை.

அண்ணி வீடு

என் அண்ணி வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணன் வீட்டுக்குப் போனால், நேற்றுத்தான் குடிவந்தார்களோ என்று தோன்றும். சோபாவில் மடிக்காத துணி இருக்கும். வாசல் பக்கத்தில் ஒரு கூடையில் சாவி, டார்ச், குடை, கடிதங்கள் எல்லாம் தலை நீட்டிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். ஒருமுறை அவர்கள் இருவரும் வெளியே போயிருக்க, அங்கே இருந்த எனக்கு ஊசி நூல் தேவைப்பட்டது. அண்ணிக்குப் போன் போட்டேன். "கூடத்து அலமாரி, மேலேருந்து ரெண்டாவது தட்டு, இடது பக்கம் வட்ட டப்பா" என்றார், யோசிக்காமல். அரை நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். டப்பாவுக்குள் ஊசியில் ஏற்கெனவே நூல் கோத்திருந்தது, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. அன்று எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. வீட்டை இப்படிப் போட்டு வைத்திருப்பவருக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஞாபகசக்தி இல்லை அது. அவருடைய சின்ன மகளைக் கேட்டிருந்தாலும் அதே தட்டைத்தான் சொல்லியிருப்பாள். சோபாவில் கிடந்த துணி என் கண்ணை உறுத்தியதே தவிர, அந்த வீட்டில் யாருடைய நேரத்தையும் தின்னவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியும் எது எங்கே இருக்குன்னு" என்று சொல்லும் ஆட்கள் உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அப்போது வீட்டின் அட்டவணை ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது. அவர் ஊரில் இல்லாவிட்டால், தூங்கிக்கொண்டிருந்தால், கீழே விழுந்தவர் அவராகவே இருந்தால், வீட்டில் அட்டவணை இல்லை. அதுவரை வீட்டில் இருக்கும் மற்ற எல்லோரும் ஒவ்வொரு பொருளுக்காகவும் அவரையே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "அம்மா, டேப் எங்கே?" "ஏம்மா, அந்த ரசீது?" இதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன், நான் இல்லாமல் வீடு ஓடாது என்ற ஒரு நிறைவும் அதில் இருந்தது. இப்போது யோசித்தால், வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் அவர்கள் வீட்டிலேயே வழி தெரியாமல் வைத்திருந்திருக்கிறேன்.

ஒரே ஆளுக்கான ஒழுங்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அதில் ஒரு குறை இருக்கிறது. 1926-இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடம்தான். அதற்குள் ஒவ்வொரு அடியையும் கணக்குப் போட்டு, மளிகைக்குப் பேர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் வரை யோசித்து வைத்திருந்தார். உழைக்கும் பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற அக்கறையில் பிறந்தது அது. ஆனால் அந்த இடத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும், இன்னொருவர் வந்து கை கொடுக்க இடமில்லை என்ற குறையை அப்புறம் பலரும் சொன்னார்கள். என் வீட்டில் இடம் தாராளமாக இருந்தது. அட்டவணையில்தான் ஒருவருக்கு மேல் நிற்க இடமில்லை.

டப்பாக்களும் சீட்டுகளும்

அந்த இரவுக்குப் பிறகு நான் செய்த முதல் காரியம் தப்பாகப் போயிற்று. இனி எல்லாவற்றுக்கும் ஓர் இடம் என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன். ஒரே மாதிரி டப்பாக்கள் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டினேன். நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று, பென்சில் ஒன்று, ரப்பர் கிளிப் ஒன்று என்று நாற்பதுக்கு மேல் போனது. இரண்டு வாரம் பிரமாதமாக இருந்தது. மூன்றாவது வாரம் எல்லாப் பேனாவும் மறுபடி மேசைக்கு வந்துவிட்டன. மகனைக் கோபித்தேன். அவன் சொன்ன பதில் நியாயமாக இருந்தது: "ஒரு பேனாவை வைக்க மூணு டப்பாவைத் திறந்து பாக்கணும்மா. எடுக்கும்போது பரவாயில்ல, வைக்கும்போது யாருக்கும்மா பொறுமை?"

அவன் சொன்னதில் ஒரு முழு பாடம் இருக்கிறது. பொருளை எடுக்கும்போது நமக்குத் தேவை இருக்கிறது, அதனால் கொஞ்சம் சிரமப்படுவோம். திரும்ப வைக்கும்போது வேலை முடிந்துவிட்டது, கை ஓய்ந்துவிட்டது, மனசு அடுத்ததற்குப் போய்விட்டது. ஆகவே எடுப்பதைவிட வைப்பது சுலபமாக இருக்க வேண்டும். மூடி திறந்து, மேல் டப்பாவை நகர்த்தி, அடியில் இருப்பதில் போட வேண்டும் என்றால் யாரும் போட மாட்டார்கள், நானும் உட்பட. நாற்பது டப்பாவில் முப்பதைத் தூக்கிவிட்டேன். எழுதுகிற சாமான் எல்லாம் வாய் திறந்த ஒரே கூடையில். ஆறு கத்தரிக்கோலில் மூன்றை வைத்துக்கொண்டோம், அந்த மூன்றும் பயன்படும் மூன்று இடங்களில் ஆணியில் தொங்குகின்றன. கத்தரிக்கோல் என்றால் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற என் பிடிவாதத்தையும் விட்டேன். பொருளை இனத்தின்படி வைப்பதைவிட வேலையின்படி வைத்தால் அது தானாக இடத்துக்குத் திரும்புகிறது.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வழங்கும் ஐந்து படிகள் பலருக்கும் தெரிந்திருக்கும். செய்ரி, வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது. செய்டோன், வேண்டியதற்கு இடம் வைப்பது. செய்ஸோ, சுத்தம் செய்வது. மீதி இரண்டும் இதை நிலைநிறுத்தவும் பழக்கமாக்கவும். சுத்தம் அந்த வரிசையில் மூன்றாவது. நான் பதினைந்து வருஷம் மூன்றாவதிலிருந்து தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக ஒதுங்க வைப்பதை நான் தள்ளிவிடவில்லை. அம்மா மாதிரி வயதானவர் நடமாடும் வீட்டில் தரையில் கிடக்கும் ஒரு பை, ஒரு ஒயர் எவ்வளவு ஆபத்து என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். களைத்து வரும் கண்ணுக்கு ஒரு வெறும் மேசை தரும் ஆறுதலும் பொய்யில்லை. அண்ணி வீட்டுச் சோபாவில் உட்கார இன்றைக்கும் நான் துணியை நகர்த்த வேண்டியிருக்கிறது, அது எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. இன்று யோசிக்க வேண்டியதில்லை.

இப்போது மாதம் ஒருமுறை வீட்டில் ஒன்று செய்கிறோம். நான் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஏதாவது ஒரு பொருளைச் சொல்வேன், மற்றவர்கள் என்னைக் கேட்காமல் எடுத்து வர வேண்டும். கிடைக்காவிட்டால் தேடியவர் மேல் தப்பில்லை, வைத்த இடத்தில்தான் தப்பு. அவர்கள் முதலில் எங்கே போய்த் தேடினார்களோ, அந்த இடத்துக்கே பொருளை மாற்றிவிடுகிறோம். டார்ச் இப்படித்தான் என் அலமாரியிலிருந்து வாசல் கதவுக்குப் பக்கத்துக்குப் போனது. மெயின் சுவிட்ச் எங்கே என்று என் வீட்டுக்காரருக்கே தெரியாதிருந்தது அந்த ஆட்டத்தில்தான் வெளிவந்தது. அம்மாவின் ஃபைல் சிவப்பு உறையில் முன் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் தொங்குகிறது. முதல் பக்கத்தில் மாத்திரைகளின் பேர், அளவு, வேளை, மாற்றிய தேதி எல்லாம் மகன் கையெழுத்தில் பெரிதாக. மாத்திரை டப்பா அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் அடியில் அட்டைகளையும் வைக்கிறோம், வெட்டும்போது பேர் இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை விட்டுவைத்து. அந்தச் சிவப்பு உறை கூடத்தின் நிறத்துக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. கதவைச் சாத்தினால் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

நேற்று சாயங்காலம் மறுபடி யாரோ வருவதாகப் போன் வந்தது. சாப்பாட்டு மேசை மூலையில் அம்மா புதிதாக ஒரு குவியல் சேர்த்திருக்கிறார்: இரண்டு கடிதம், பாதி எழுதிய ஒரு தாள், கண்ணாடிக் கூடு, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகும் தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. கை பழக்கத்தில் நீண்டுவிட்டது. நிறுத்திக்கொண்டு உள்ளே போய்க் கேட்டேன்.

"அம்மா, மேசையில இருக்கறதை எடுக்கட்டுமா?"

கொஞ்சம் யோசித்தார். "அந்தச் சின்னச் சீட்டு மட்டும் அங்கயே இருக்கட்டும். அதைப் பார்த்தாதான் ஞாபகம் வரும். மத்ததை எடுத்துக்கோ."

"எங்க வைக்கட்டும்?"

சொன்னார்.